மின்னிணைப்புக் கொடுப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்த வீட்டுக் கணினிகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் அவற்றை விற்பவர்களும் ஒருசேரச் செய்யும் ஒரு தவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கணினியைத் தூசி தட்டி, ஓடுகிறதா என்று பார்க்க உடனே மின்னிணைப்புக் கொடுப்பதே அது. நான் வாங்கிய முதல் கணினியை நானும் அப்படித்தான் சோதித்தேன். சில நொடிகள் திரையில் எழுத்துகள் தெரிந்தன. பிறகு எதுவும் தெரியவில்லை. நினைவகச் சில்லுகள் பழுதாகிவிட்டன.

1982இல் வந்த கொமடோர் 64இன் பவர் சப்ளை கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக இருக்கும். பெரும்பாலானவற்றில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் அதைப் பிரித்துச் சரிசெய்வது கடினம். மின்னழுத்தத்தைச் சீராக வைத்து 5 வோல்ட் தரவேண்டிய அதன் ரெகுலேட்டர் பழுதாகும்போது மின்னழுத்தம் குறையாமல் ஏறிவிடுவதுண்டு. ஏறிய அழுத்தம் நேராகச் சில்லுகளைத் தாக்கும். எனவே கணினியில் செருகுவதற்கு முன் பவர் சப்ளையைத் தனியாக மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அளக்கும்போது சரியாகக் காட்டுவதும் சூடேறிய பின் மாறக்கூடும் என்பதால், இப்போது புதிதாகச் செய்யப்படும் மாற்றுப் பவர் சப்ளையைப் பயன்படுத்திக்கொண்டு, பழையதைச் சேகரிப்பில் காட்சிக்கு மட்டும் வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கணினியின் சிட் என்னும் ஒலிச்சில்லு இன்று தயாரிப்பிலேயே இல்லை. அது போனால், அசல் சில்லை இன்னொரு பழைய கணினியிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, மேலுறையைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. 1991இல் வந்த அமிகா 500 பிளஸ் கணினியில், கடிகாரம் ஓடுவதற்கான நிக்கல் காட்மியம் பேட்டரி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கசியும் காரம் செம்புத் தடங்களை மெல்ல அரித்து, பச்சை நிறப் படிவாகத் தெரியும். விற்கும் நாளில் நன்றாக ஓடும் கணினியிலும் இந்த அரிப்பு நடந்துகொண்டே இருக்கலாம். ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்புவது போதாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பிபிசி மைக்ரோ என்னும் கணினியில் பார்க்க வேண்டியது பவர் சப்ளைக்குள் இருக்கும் காகித மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்களை). அவற்றின் மேலோடு விரிசல் விட்டிருந்தால் ஈரம் புகுந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் புகைந்துவிடும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் விசைகள் வேலை செய்யாததைப் பெரிய குறையாகக் கருத வேண்டாம். விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து முறிவது வழக்கம், புதியது கிடைக்கிறது. மேலுறை மஞ்சளாகிவிட்டது என்று பலர் விலையைக் குறைத்துப் பேசுகிறார்கள். கணினியின் இயக்கத்துக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை.

விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஓடுகிறது என்று நிரூபிப்பதற்காகப் பழைய பவர் சப்ளையைச் செருகிப் பார்க்க வேண்டாம். சோதிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லி, மேலுறையைத் திறந்து மதர்போர்டின் தெளிவான படம் ஒன்றை அனுப்பினால், வாங்குபவர் அதைப் பார்த்தே முடிவுசெய்ய முடியும்.

இப்படிக்கு,
பழங்கணினி சேகரிக்கும் வாசகர்