நீச்சல்குளக் கறைக்கெல்லாம் குளோரின் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், வீட்டு நீச்சல்குளத்தில் கறை படிந்தால் இரவில் குளோரினை இரண்டு மடங்காகப் போடுங்கள், அதற்கும் போகாவிட்டால் ஆசிட் ஊற்றித் தேயுங்கள் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். குளங்களைப் பராமரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் குறிப்பை நம்பிச் செய்தவர்கள் கடைசியில் என்னைப் போன்றவர்களைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் நான் பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஆசிட், குளோரின் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

இலை, பூ, காய், பாசி இவற்றால் வரும் கறைக்குக் குளோரின் சரியான மருந்துதான். சாயத்தை வெளுத்துவிடும். இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களால் வரும் கறை அப்படியில்லை. கிணற்று நீரிலோ போர்வெல் நீரிலோ கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அதில் குளோரினை அள்ளிக் கொட்டினால் அந்த இரும்பு துருவாக மாறும், தண்ணீர் பழுப்பாகும், அப்புறம் தரையிலும் படிகளிலும் படியும். ஏற்கெனவே இருக்கிற கறையும் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். கறையைப் போக்கப் போட்ட மருந்தே கறையை உண்டாக்கும் கதை இது.

அதனால் புதிதாக ஒரு குளத்துக்குப் போனால் நான் முதலில் மருந்து டப்பாவைத் திறப்பதில்லை. கறை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். மரக்கிளை தொங்கும் மூலையில் மட்டும் பழுப்பாக இருந்தால் இலைமேல்தான் முதல் சந்தேகம். ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தைச் சுற்றியும் படிகளிலும் பரவலாக இருந்தால் உலோகமாக இருக்கலாம். நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது கால்சியம் படிவு. தரையில் ஒரே ஒரு துருப் பொட்டு தெரிந்தால் பக்கத்தில் ஒரு ஹேர்பின்னோ ஆணியோ கிடக்கும், தேடிப் பாருங்கள். அதுவும் இல்லாமல், துடைத்த பிறகும் அதே இடத்தில் துரு எட்டிப் பார்த்தால் பிளாஸ்டருக்கு உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். அது கொத்தனார் வேலை. எந்த மருந்துக்கும் அசையாது.

இடத்தைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் அதற்கு எளிய சோதனை இருக்கிறது. நிறமும் சுவையும் சேர்க்காத வைட்டமின் சி மாத்திரையைப் பழைய காலுறைக்குள் போட்டு, தண்ணீருக்கடியில் கறையின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கையை எடுக்கும்போது மாத்திரை இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்து, சுற்றிலும் பழுப்பு அப்படியே இருந்தால் அது இரும்பு. எத்தனையோ முறை பார்த்தாயிற்று, அந்த வெள்ளை வட்டம் தெரியும்போது எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. செம்பாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் மசியாது, பொறுமை வேண்டும். மாத்திரைக்கு அசையாத கறையின் மேல், மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு சிட்டிகை குளோரின் தூளைத் தூவுங்கள். வெளுத்தால் இலைக்கறை. இந்தத் தூள் சோதனை பிளாஸ்டர் தரைக்கு மட்டும்தான். வினைல் லைனர், அதாவது பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளத்தில் செய்தால் கறையோடு லைனரின் நிறமும் போய்விடும்.

இரும்பு என்று உறுதியானால் வைத்தியமும் அதே வைட்டமின் சி தான். அஸ்கார்பிக் அமிலம் என்ற பெயரில் பொடியாகக் கிடைக்கும். 40,000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் அரை கிலோ கணக்கு. ஆனால் போடுவதற்கு முன் தண்ணீரில் குளோரின் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும், போட்ட பொடி வீண். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 அளவில் இருக்கட்டும். மோட்டாரை ஓடவிட்டுக் குளத்தைச் சுற்றிப் பொடியைத் தூவினால் கறை கரையத் தொடங்கும். குளோரின் இல்லாத அந்த நாட்களில் யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். பாசி தலைகாட்டுகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். கறை மறைந்ததும் இரும்பு ஒழிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது எங்கேயும் போகவில்லை, சுவரை விட்டுத் தண்ணீருக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். உலோகத்தைத் தண்ணீரிலேயே கட்டிப்போடும் மருந்தை உடனே ஊற்ற வேண்டும். அப்புறம் குளோரினைச் சில நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் கறை பழைய இடத்துக்கே வந்து உட்காரும். கட்டிப்போடும் மருந்தும் நாளாக நாளாகச் சிதையும், அவ்வப்போது சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றி இரும்பில்லாத நீரை நிரப்புவதுதான் நிரந்தர வழி.

நீலம், பச்சை கலந்த கறை என்றால் செம்பு. பாசிக்கொல்லியில் செம்பு இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். இல்லையென்றால் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர் கூடையிலேயே குளோரின் மாத்திரைகளைப் போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் அந்த மாத்திரைகள் கரைந்து கடும் அமில நீராகத் தேங்கும். மோட்டாரைப் போட்டதும் அது நேரே ஹீட்டருக்குள் போய்ச் செம்புக் குழாயை அரிக்கும். தங்கநிறத் தலைமுடி குளத்தில் பச்சையாவதற்கும் இந்தச் செம்புதான் காரணம், பழி மட்டும் குளோரின் மேல். குளோரின் வெயிலில் வீணாகாமல் இருக்கப் போடும் சயனூரிக் அமிலம் அளவுக்கு மீறினால், செம்போடு சேர்ந்து ஊதா நிறத்திலும் படியும். அதைப் பார்த்துப் பயந்து போனவர்கள் உண்டு.

கறையே இல்லாததைக் கறை என்று தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டரில் கரும்புள்ளிகள், தடவினால் லேசாகப் புடைத்து வழவழவென்று இருந்தால் அது கரும்பாசி. மேல்பகுதியைக் கம்பி பிரஷால் தேய்த்து உடைத்தால்தான் குளோரின் உள்ளே இறங்கும். பிரஷ் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் கம்பித் துணுக்குகளே துருக்கறையாகும்.

இனி ஆசிட். ஆசிட் கறையைக் கழுவுவதில்லை, பிளாஸ்டரின் மேல் படலத்தையே கரைத்து எடுக்கிறது. அடிக்கடி செய்தால் தரை சொரசொரப்பாகி அடுத்த கறையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்காகக் குளத்தை முழுக்கக் காலி செய்வதும் ஆபத்து. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் காலிக் குளம் தரையிலிருந்து கிளம்பிவிடும், விரிசலும் விடும். எல்லாவற்றையும் விட மோசம், முதல் நாள் கொட்டிய குளோரின் தூள் தரையில் கரையாமல் கிடக்கும்போது அதன் மேல் ஆசிட்டை ஊற்றுவது. அங்கே கிளம்புவது குளோரின் வாயு. நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டு வகைக் குளோரினை ஒரே வாளியில் கலந்தாலும் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லை என்றால் பரவாயில்லை. ஆசிட்டையும் குளோரினையும் சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் அதே வீட்டுக் குறிப்புகள் பகுதியில், அதே அளவு எழுத்தில் அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல்குளப் பராமரிப்புத் தொழிலில் இருக்கும் உங்கள் வாசகர்