கொடைக்கானலுக்குள் சுற்றுப் பேருந்து வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீசன் வந்துவிட்டால் கொடைக்கானல் நெரிசல் எங்கள் வத்தலக்குண்டிலேயே தொடங்கிவிடுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு, வார நாட்களில் 4,000, சனி ஞாயிறுகளில் 6,000 வெளியூர் வண்டிகள்தான் என்று வரம்பும் விதித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் மலையேறிய வண்டிகள் ஊருக்குள் என்ன பாடு படுத்துகின்றன என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது கொடைக்கானல் ஏரி. சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். பிரையண்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கோக்கர்ஸ் வாக்கும் தூரமில்லை. காலாற நடக்க வேண்டிய இந்த இடங்களுக்குக்கூடக் காரை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஏரிக்கரையில் குழந்தையைக் கையில் பிடித்து நடப்பவர்கள் ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கியே களைத்துப்போகிறார்கள்.

அப்புறம் பைன் மரக்காடு, குணா குகை, தூண் பாறை. எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வருபவை. ஒவ்வொரு இடத்திலும் கார்கள் ஓரங்கட்டி நிற்பதால், பின்னால் வருகிறவர்கள் சுற்றிப்பார்க்கும் நேரத்தைவிடச் சாலையில் காத்துக் கிடக்கும் நேரமே அதிகம். பூம்பாறை, மன்னவனூரிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி வரும் வண்டிகளும் கொடைக்கானல் ஊரைத் தாண்டித்தான் கீழே இறங்கியாக வேண்டும். அவசரமாக ஒரு ஆம்புலன்ஸ் இறங்க வேண்டியிருந்தால் என்ன ஆகும்? நினைக்கவே பதறுகிறது.

ஒரே சாலையில் இத்தனை இடங்கள் இருப்பது பேருந்துக்குத் தோதான விஷயம். வெளியூர் கார்களை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து சிறிய பேருந்துகளை விடலாம். கூட்டத்தை மொத்தமாக ஏற்றிக்கொண்டு ஒருமுறை சுற்றிக் காட்டும் பேருந்து போதாது. பிடித்த இடத்தில் இறங்கி, வேண்டிய மட்டும் இருந்து, அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ள முடிய வேண்டும், நாள் முழுவதும் ஒரே டிக்கெட்டில். ஊட்டியில் சீசன் நேரத்தில் இப்படி ஓட்டியிருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு மட்டும் ஏன் முடியாது?

உள்ளூர் டாக்சிக்காரர்களின் பிழைப்பு கெடும் என்ற கவலை நியாயமானது. அவர்களைக் கலந்து பேசாமல் இதைத் தொடங்கக் கூடாது. பூம்பாறை, மன்னவனூர் போன்ற தூரத்து ஊர்களுக்கு அவர்கள் வண்டிகளே ஓடட்டும்.

இ-பாஸ் விண்ணப்பிக்கும்போதே பேருந்து டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வழி செய்தால் இன்னும் வசதி. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் அடுத்த கோடை விழாவுக்கு முன்பாவது ஏரிக்கும் தூண் பாறைக்கும் இடையில் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வத்தலக்குண்டு