ஜனவரியில் வேண்டாம் மாப்ளே

அடிலெய்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத்தான் இரண்டு நாளாகச் சளி. அம்மாவையும் தங்கச்சியையும் விசாரித்ததாகச் சொல். அம்மாவின் முட்டிவலி பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை, அடுத்த முறை அதை முதலில் எழுது.

உன் பட்டியல் வந்தது. வாய்ஸ் மெசேஜில் பேசித் தீர்கிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொங்கல் லீவோடு இன்னும் பத்து நாள் சேர்த்து ஜனவரியில் வருகிறாய். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கையும் உனக்கு இன்னொரு ஹிமாலயனையும் ஏற்பாடு செய்து, இங்கத்துப் பாலைவனப் பக்கத்து மண் பாதையான ஊட்நடாட்டா பாதையை ஓட்ட வேண்டும். வண்டியை எப்படி மாற்ற வேண்டும் என்று நீயே ஒரு முழுப் பக்கம் எழுதி, பாதிச் சாமானை வாங்கியும் வைத்துவிட்டாய். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது, கொடைக்கானல் போகும்போது பெட்டி கட்டினாயே, அதே கைவரிசை. ஆனால் ஜனவரி என்ற இடத்தில் வயிற்றில் புளியைக் கரைத்தது.

சாமான் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்த சைலன்சரைக் கடையிலேயே திருப்பிக் கொடு. நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு மண்ணில் ஓட்டினால் சாயங்காலம் தலை நிற்காது. லைட் இரண்டும் நல்ல லைட்தான், உன் வண்டியிலேயே மாட்டிக்கொள். இங்கே இருட்டில் நாம் ஓட்டப் போவதே இல்லை. வழி நெடுக வேலியில்லாத மாட்டுப் பண்ணைகள். வழியில் வரும் வில்லியம் கிரீக் ஊரைச் சுற்றி இருக்கும் அன்னா கிரீக் பண்ணைதான் உலகத்திலேயே பெரியது. பொழுது சாயும்போது மாடும் கங்காருவும் பாதைக்கு வரும். நாலு மணிக்கு மேல் டென்ட் போடும் இடத்தைத் தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

அலுமினியப் பெட்டி வேண்டவே வேண்டாம். இங்கத்து மண் பாதையில் குறுக்கே வரிவரியாக மண் எழும்பியிருக்கும், கார்ருகேஷன் என்பார்கள். மணிக்கணக்கில் அதன்மேல் போனால் வெல்டிங் விட்டுப்போகும், பெட்டி மாட்டும் ராக் சட்டம் உடையும், இறுக்கி வைத்த போல்ட் தானாகக் கழன்று விழும். மணலில் வண்டி சாய்ந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கால் முறிவது என்றால் என்ன என்று யோசித்துப் பார். துணிப் பைதான் சரி. போல்ட்டுக்கெல்லாம் மரை கழலாமல் பிடிக்கும் பசை போட்டு, பாய் பட்டறையில் செய்வாரே, அதே மாதிரி நெயில் பாலிஷில் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருக்கிறேன். காலையில் வண்டியைச் சுற்றி வந்தால் போதும், கோடு முறிந்திருக்கிற இடத்தில் ஸ்பேனரை வைக்கலாம். பாயிடம் சொல், சந்தோஷப்படுவார்.

ஏர் ஃபில்டருக்கு மட்டும் நீ எழுதியது அத்தனையும் சரி. எண்ணெய் தோய்த்த ஃபோம் போட்டிருக்கிறேன், விளிம்பு முழுக்க விரலால் கிரீஸ் தடவி மூடுகிறேன். போன முறை திரும்பி வந்து திறந்தபோது கிரீஸ் முழுதும் செங்கல் நிறம். தொட்டுத் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுவழுவென்று இருக்கிறது அந்தத் தூசி. கிரீஸுக்கு உள்பக்கம் சுத்தமாக வெள்ளை. அந்தப் பவுடர் என்ஜினுக்குள் போனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து தீர்ந்துவிடும். பாதைக் குழிகளிலும் இதே தூசிதான் மட்டமாக நிரம்பி நிற்கும். சமதரை என்று நினைத்து முன்சக்கரத்தை விடுவோம், உள்ளே அரை அடிப் பள்ளம் இருக்கும்.

டயர் டியூபும் பஞ்சர் சாமானும் என்னிடம் இருக்கிறது. முன்சக்கரத்துக்கான 21 அங்குல டியூப் ஒன்று எடுத்தால் அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்துக்கொள்ளலாம். பஞ்சர் பசை மட்டும் சின்னச் சின்ன டியூபாக நாலைந்து வாங்கி வா. ஒரு முறை திறந்தது இந்தச் சூட்டில் அடுத்த முறைக்குள் காய்ந்து கட்டியாகிவிடுகிறது.

இப்போது பெட்ரோல் டாங்க். முப்பது லிட்டர் டாங்க் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இங்கே பெரிய வண்டிக்காரர்கள் வைக்கிறார்கள்தான், அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு எதற்கு? பாதை தொடங்கும் மாரீயிலிருந்து முடியும் மார்லா வரை மொத்தமே சுமார் 620 கிலோமீட்டர். நடுவில் வில்லியம் கிரீக்கிலும் ஊட்நடாட்டாவிலும் பங்க் இருக்கிறது. இரண்டு பங்குக்கு நடுவில் இருநூறு, இருநூற்றுப் பத்துக்கு மேல் போகாது. நம் வண்டி 15 லிட்டரில், மணலையும் எதிர்காற்றையும் கழித்தாலும், 350-ஐத் தாண்டும். பங்க் மூடியிருந்தாலோ சரக்குத் தீர்ந்திருந்தாலோ சமாளிக்க ஐந்து லிட்டர் கூடுதலாக இருந்தால் போதும். மடக்கி வைக்கிற பெட்ரோல் பை, பிளாடர் என்பார்கள், ஒன்று வைத்திருக்கிறேன், காலியானதும் சுருட்டிவிடலாம். அந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் 91 ஆக்டேன்தான் கிடைக்கும், சில ஊர்களில் ஓப்பல் என்ற பெட்ரோல் மட்டும்தான். முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுப்பதற்காக போதை தரும் அரோமேட்டிக் சேர்மங்களைக் குறைத்துத் தயாரித்தது. உயர்ந்த கம்ப்ரெஷன் என்ஜின் அதிக ஆக்டேன் கேட்கும், அந்த வண்டிக்காரர்கள் அங்கே கையைப் பிசைவார்கள். நம்முடைய கம்ப்ரெஷன் 9.5-க்கு 1தான், கொடுத்ததைக் குடித்துவிட்டு ஓடும். சென்னைப் பக்கம் செய்த வண்டி, யாரும் பெரிதாக மதிக்காத 24 குதிரைசக்தி, ஆனால் அந்தப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்றால், பெட்ரோலில் மிச்சமாகிற எடையை அப்படியே தண்ணீருக்குக் கொடுக்கலாம். நான் செய்ததிலேயே நல்ல வேலை என்று எனக்குத் தோன்றுவது இதுதான். டாங்குக்கு இரண்டு பக்கமும் ஜெர்ரி கேன் மாட்ட ஒரு சட்டம் இருக்குமே, அதில் பெட்ரோல் மாட்டவில்லை. பக்கத்துக்கு ஐந்து லிட்டராகத் தண்ணீர். எடை முன்னால், கீழே, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. மீதியைப் பின் பைகளில் சின்னப் பாட்டில்களாகப் பிரித்து வைக்கிறேன். ஒரே கேனில் வைத்தால் அந்த அதிர்ச்சியில் பை ஓரத்தில் உரசி உரசி ஊசித் துளை விழும், சாயங்காலம் பார்த்தால் பை நனைந்திருக்கும், குடிக்க இருக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்பது இங்கே பாலைவனப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்லும் கணக்கு. பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ. வண்டி ஒரு நாள் நின்றுபோனால் இருபது. இந்தக் கணக்கை எழுதிவிட்டுத்தான் மற்ற எந்தச் சாமானையும் எடுக்க வேண்டும். உன் பட்டியலில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை மாப்ளே.

அப்புறம் வலை மாதிரி துளை போட்ட அந்த மெஷ் ஜாக்கெட். அதுவும், வண்டியின் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் காற்று நன்றாக அடிக்கும் என்று நீ எழுதியதும். மதுரையில் அது சரி. அங்கே வெயிலென்றால் கசகசப்பு, காற்று பட்டால் சுகம். இங்கே சூடு வேறு மாதிரி. நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரைதான் நம்மைக் குளிர்விக்கும். 42, 43-இல் காற்று நமக்குள் சூட்டை ஏற்றுகிறது. வியர்வை ஒன்றுதான் காப்பாற்ற வேண்டும். ஆனால் மெஷ் போட்டு எண்பது, தொண்ணூறில் போனால் வியர்வை ஊறுவதைவிட அது காய்வது வேகமாக நடக்கிறது. சட்டை நனையாது, அதனால் வியர்க்கவே இல்லை என்று நினைப்போம், தண்ணீரும் குடிக்கமாட்டோம். உடம்பு மட்டும் காய்ந்துகொண்டே போகும். மூடிய ஜாக்கெட் போட்டு, உள்ளே பனியனை நனைத்து, கழுத்திலும் நெஞ்சிலும் ஈரத்துணி சுற்றி, ஜாக்கெட்டில் காற்று போகிற ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் அந்த ஈரம் மெதுவாக ஆவியாகி நேரம் நீடிக்கிறது. கண்ணாடியும் இருக்கட்டும், அது தடுப்பது சூட்டுக் காற்றைத்தான். இங்கே கடையில் இதற்கென்றே பட்டை பட்டையாக வெஸ்ட் விற்கிறார்கள். நான் பார்த்தவரை நம்ம ஊர் ஈரிழைத் துண்டு அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நனைத்தால் நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஜாக்கெட்டுக்குள் மடிப்புக் கட்டாது. அரை டஜன் வாங்கி வா, பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்.

மதுரைக்காரனுக்கு வெயிலா என்பாய், தெரியும். போன அக்டோபரில் என்னோடு வந்தவரும் வெயிலுக்குப் பழகியவர்தான். அன்று 41. தண்ணீர் குடித்துக்கொண்டேதான் வந்தார், உப்பு மட்டும் உள்ளே போகவில்லை. கவர்ட் ஸ்பிரிங்ஸில் நிறுத்தினோம். அங்கே பழைய கான் ரயில் போன காலத்துப் பேரீச்சை மரங்கள் இருக்கின்றன, அந்தப் பக்கத்தில் அப்படி நிழல் வேறு கிடையாது. கிளம்பும்போது சாவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துவாரத்தில் குத்துகிறார், குத்துகிறார், உள்ளே போகவில்லை. திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. என்னைப் பார்த்து எரிந்து விழுந்தார். பச்சைப் பிள்ளை மாதிரியான சாது அவர். அப்போதே கையிலிருந்து சாவியை வாங்கி, மரத்தடியில் படுக்கவைத்து, பூட்ஸைக் கழற்றி, உடம்பு முழுக்க ஈரத்துணி போட்டு அட்டையால் விசிறினேன். ஓ.ஆர்.எஸ் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு தெளிந்தது. அன்று மறுபடி வண்டி எடுக்கவில்லை. இந்தச் சூடு முதலில் கெடுப்பது யோசனையை. இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தானே, போய்விடலாம் என்று அந்தக் கெட்ட யோசனையே முடிவெடுக்கும். அதற்கு எந்தப் பட்டறையிலும் மாற்றுச் சாமான் இல்லை.

அது அக்டோபர், மாப்ளே. நீ கேட்பது ஜனவரி. 1960 ஜனவரி 2-ஆம் தேதி ஊட்நடாட்டாவில் 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இன்றுவரை அதை மிஞ்சிய பதிவு இல்லை. கோடையில் பக்கத்து சிம்ப்சன் பாலைவனத்தையே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுகிறார்கள். ஊட்நடாட்டா பாதை திறந்திருக்கும், ஆனால் வண்டி நின்றுபோனால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேர்ட்ஸ்வில் பாதைப் பக்கம் 1963 டிசம்பரில் ஒரு குடும்பமே போயிற்று. ஐந்து பேர். வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டுவிட்டு இறங்கி நடந்தார்கள். தாகத்தில் செத்தார்கள். அந்தப் பக்கத்திலேயேதான் புதைத்திருக்கிறார்கள். வண்டியை விட்டு நகராதே என்று இங்கே ஒவ்வொருவரும் சொல்வது அதனால்தான். காரிலாவது நிழல் உண்டு, நம் வண்டியில் அதுவும் கிடையாது. அதனால் ஒரு தார்ப்பாயும் இரண்டு கம்பும் வண்டியோடு கட்டியிருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் நிழல் போடலாம். ஆபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன் வண்டியில் இல்லை, என் ஜாக்கெட் பையில்தான் இருக்கும். விழுந்து உருண்டு ஆள் ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம் கிடந்தால் கைக்கு எட்ட வேண்டுமே. உனக்கும் ஒன்று வாங்கிப் பதிவு செய்து வைக்கிறேன். அதை அழுத்தினால் மீட்பு மையத்துக்குத் தகவல் போய் ஆள் அனுப்புவார்கள், விமானத்தில் வரும் பறக்கும் டாக்டர்களும் உண்டு, 1928-லிருந்து அந்தச் சேவை நடக்கிறது. ஆனால் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது நம் தண்ணீரும் நிழலும்தான்.

நான் சொல்வது ஒன்றுதான். வண்டியை எந்த மாதத்துக்கும் தயார் செய்துவிடலாம். 15டபிள்யூ50 எண்ணெய் ஊற்றி, ஆயில் கூலரைச் சேறு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் அந்த என்ஜின் 45 டிகிரியிலும் ஓடும். உன்னை அப்படித் தயார் செய்ய என்னால் முடியாது. தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

லீவை ஜூலைக்கு மாற்று. பகலில் இருபது டிகிரி, ராத்திரி ஐந்து, ஆறு. ஈயும் குறைவு. வழியில் வரும் ஏரி ஓரம் நின்று டீ போடலாம். மழை பெய்தால் மட்டும் பாதையை மூடுவார்கள், அதற்கென்று இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்வோம். லீவு மாறவே மாறாது என்றால் ஜனவரியிலேயே வா, கடலோரமாக கிரேட் ஓஷன் ரோடு போவோம். ஒரு வார்த்தையும் குறை சொல்லமாட்டேன், சின்னவளும் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

வரும்போது துண்டு, பஞ்சர் பசை, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒரு கட்டு, கிளட்ச் கேபிள் இரண்டு, கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் ஒவ்வொரு ஜோடி. பழைய பூட்ஸ் கொண்டுவந்தால் அடியில் ஒட்டிய மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவு. ஏர்போர்ட்டில் மண் இருந்தால் விடமாட்டார்கள், பூட்ஸ் கொண்டுவருவதை ஃபாரத்தில் எழுதவும் வேண்டும். ஊறுகாயையும் எழுது, மறைக்காதே. லைசென்ஸோடு இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடு.

பாயிடம் ஒன்று கேட்டுச் சொல். கார்ருகேஷனில் போய் வந்தபிறகு ஸ்டியரிங் நேராகப் பிடித்தால் நடுவில் லேசாகக் கொக்கி போட்ட மாதிரி நிற்கிறது. பேரிங்கை டேப்பர் ரோலராக மாற்றிவிடலாமா, இல்லை இதையே கிரீஸ் மாற்றிப் போட்டு இறுக்கினால் போதுமா? அவர் சொல்கிற மாதிரி செய்கிறேன்.

உன்
அடிலெய்டு மாப்ளே