பாதியில் நின்ற ஜெபம்

அன்புள்ள செல்வி,

திட்டாதே. உன்னுடைய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டுவிட்டேன். மூன்றாவதில் ‘ஏட்டி, உயிரோட இருக்கியா இல்லியா’ என்று நீ போட்ட கத்தலை இவரும் கேட்டுவிட்டு, ‘பதில் போட்டுரு, இல்லன்னா கோயம்புத்தூர்லேருந்து பஸ் ஏறி வந்துரும்’ என்றார். இருக்கிறேன். எல்லோரும் சுகம். பையன் பெங்களூரில், வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்திருக்கிறான். அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுது. தவக்காலம் வந்துவிட்டதே, லெந்து நாளிலாவது கோழியை விட்டாரா?

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்ல வராது. சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே ‘வா, ஜெபம் பண்ணுவோம்’ என்று தொடங்கிவிடுவாய், அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் லெந்து கூட்டம். செய்தி கொடுக்க வேண்டியது நான். ஐயரம்மா, அதுதான் எங்கள் போதகரின் மனைவி, கொடுத்திருக்கிற வசனம் யாக்கோபு 4:8, ‘தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்.’ இதைப் பேச ஆள் பிடித்தார்கள் பார்! நான்கு நாளாகத் தாளும் பேனாவுமாக உட்காருகிறேன், ‘அன்பான சகோதரிகளே’ என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்றால், அக்டோபர் கூட்டத்தில் ஒன்று நடந்தது, உன்னிடம் மறைத்துவிட்டேன். ஆரம்ப ஜெபம் என்னைச் செய்யச் சொன்னார்கள். உனக்குத்தான் தெரியுமே, ஹாஸ்டல் நாளிலிருந்தே ஜெபம் என்றால் என்னைத்தான் தள்ளிவிடுவீர்கள், எனக்கும் அதில் ஒரு பெருமை. வாயைத் திறந்தால் தண்ணீர் மாதிரி வரும். அன்றைக்கும் வந்தது. அன்பின் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம், இம்மட்டும் எங்களைக் கண்ணின் மணிபோலக் காத்து... அந்த ‘காத்து’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அழுகை எல்லாம் இல்லை. யாரைக் காத்தார் என்று உள்ளே ஒரு கேள்வி வந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அதுவரைக்கும் வாய் ஒரு பக்கம் ஜெபித்துக்கொண்டிருக்க, மனசு இன்னொரு பக்கம் வடை ஐம்பது போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு அது ஒரு மணி நேரம். கடைசியில் முன் வரிசைப் பாட்டி ஒருத்தி, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்து சொல்லி என்னைக் கரை சேர்த்தார்கள்.

கூத்து என்ன தெரியுமா, கூட்டம் முடிந்து இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஆவியானவர் உங்கள அப்படி நிரப்பிட்டார்ல, பேச்சே வரலியே’ என்றார்கள். நான் தலையாட்டினேன், செல்வி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி மூன்று மாதம் நான் எப்படி ஜெபித்தேன் என்று நீ அறிவாய். உபவாசம் இருந்தேன், அதிகாலை எழுந்தேன், யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஜெபக் குழுவைக் கூட வீட்டுக்கு வரவழைத்தேன். அம்மா போன பிறகு அந்தக் குழுவில் ஒருவர், துக்கம் கேட்க வந்த இடத்தில், ‘விசுவாசத்துல எங்கயோ ஒரு குறை இருந்திருக்கும்’ என்றார். அன்றைக்கே வாசலைக் காட்டியிருக்க வேண்டும். காப்பி போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் ஜெபிக்கவில்லை என்று சொல்ல முடியாது, தினமும் ஜெபித்தேன், குடும்ப ஜெபத்துக்கு ஒரு நாள் தவறவில்லை. ஆனால் அவரோடு பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு, ‘சாப்பாடு மேசையில இருக்கு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிவார்களே, அந்த மாதிரி.

நவம்பரில் தம்பியும் நானும் ஊர் வீட்டைக் காலி செய்யப் போனோம். அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில், அம்மா காணிக்கைக்கென்று சேர்த்துவைக்கும் கைப்பிடி அரிசி டப்பா. பழைய பால் பவுடர் டப்பா, உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு தடவை நீ அதைத் தெரியாமல் எடுத்து உலையில் போட்டுவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். பாதிக்கு மேல் அரிசி இருந்தது. வண்டு விழுந்திருந்தது. தம்பி, ‘கோழிக்குப் போட்டுரு’ என்றான். எனக்குக் கை வரவில்லை.

அந்த அரிசி மேல் எனக்கு ஒரு பழைய கடன் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையில் துட்டுப் புழங்குகிற திமிரில், அம்மாவிடம் கேட்டேன். உலைக்கு உலை ஒரு பிடி அள்ளி, அதை மாசக் கடைசியில் சுமந்துகொண்டு கோவிலுக்குப் போய், அதை அவர்கள் ஏலம் போட்டு, எதற்கு இந்தப் பாடு, மொத்தமாக நூறு ரூபாய் காணிக்கைக் கவரில் போட்டுவிட்டால் ஆகாதா என்று. அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள், ‘துட்டு போட்டா ஞாயித்துக்கெழமதான் அவரு நெனப்பு வரும்.’ நான் சிரித்தேன். கிராமத்து வேதாந்தம் என்று உனக்குக் கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இரண்டு உலை. அப்படியானால் அம்மா, எத்தனை வேலை இருந்தாலும், யார் மேல் எரிச்சலில் இருந்தாலும், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அவரை நினைக்காமல் சோறு பொங்கியதில்லை.

அந்த அரிசியைக் கொண்டுவந்து, முறத்தில் போட்டுப் புடைத்து, இரண்டு நாள் மாடியில் காயவைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோனேன். ஆராதனை முடிந்து ஏலம். முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி முட்டை, ஒரு வாழைத்தார், அப்புறம் அம்மாவின் அரிசி. இவர் எந்த ஏலத்திலும் வாய் திறக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். திடீரென்று பின்வரிசையிலிருந்து, ‘முந்நூறு’ என்று ஒரு குரல். மூன்று கிலோ வராத அரிசிக்கு எடுத்த எடுப்பிலேயே முந்நூறு! யாரும் மேலே கேட்கவில்லை, ஏலம் போட்டவர் கூடச் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து பையை அடுப்படியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அதைத்தான் பொங்கினேன். அளந்து வைத்துவிட்டு, கை தானாக ஒரு பிடி எடுத்தது. எடுத்த பிறகுதான், இதோடு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அன்பின் பரம பிதாவே வரவில்லை. ‘உம்ம மேல கோவமா இருக்கேன்’ என்றேன், சத்தமாகவே. அப்படியே பிடியை டப்பாவில் போட்டேன். அம்மா போன பிறகு நான் உண்மையாகச் சொன்ன முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். நீ பதறாதே. தாவீதே ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதானே பதின்மூன்றாம் சங்கீதத்தை ஆரம்பிக்கிறான், அதற்கு முன்னால் ஸ்தோத்திரம் கூடச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை அதைச் சபையில் மாறி மாறி வாசித்திருக்கிறோம், அது சண்டை என்று எனக்கு உறைத்ததே இல்லை.

அன்றைக்கு ராத்திரி உன்னுடைய லாரன்ஸ் சகோதரர் ஞாபகம் வந்தார். மெஸ் டியூட்டி அன்றெல்லாம் நீ விடாமல் சொல்வாயே, பாரிஸில் ஒரு மடத்துச் சமையற்காரர், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவ பிரசன்னத்தில் இருந்தார் என்று. நம் மெஸ் சாம்பாரில் தேவனைத் தேடலாம், பருப்பைத் தேட முடியாது என்று நான் சொன்னதற்கு நீ இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நீ சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது, கள்ளி. மனுஷன் முதலில் சிப்பாய், போரில் அடிபட்டுக் கால் ஊனம். சமையல் வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதாம். மடத்தில் சேர்ந்த பிறகும் முதல் பத்து வருஷம் உள்ளுக்குள் படாத பாடு பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பத்து வருஷம், செல்வி! அதை மட்டும் நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும். நீ சொன்ன லாரன்ஸ் எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே கரண்டி பிடிப்பார்.

இன்னொரு சமாச்சாரம். கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் மகள், நர்சிங்கில் தன்னோடு படிக்கிற மிசோரம் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் ‘சாப்பாடு’, ‘அக்கா’ இரண்டு சொல்தான். நான் அரிசி அளந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவதைப் பார்த்ததும் துள்ளி வந்துவிட்டாள். ‘புஃபாய் தாம், புஃபாய் தாம்’ என்கிறாள். அவர்கள் ஊரிலும் இதே பழக்கமாம், 1910இல் தொடங்கியதாம், அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்றே அவர்கள் சபை அத்தனை ஊழியத்தைத் தாங்கியிருக்கிறது. அன்று சாயங்காலம் உலை வைக்கும்போது அவளே வந்து ஒரு பிடி எடுத்தாள், கண்ணை மூடினாள், போட்டாள். அவள் அம்மாவை நினைத்துக்கொண்டிருப்பாள். நான் என் அம்மாவை.

இதை எல்லாம் படித்துவிட்டு இவள் தேறிவிட்டாள் என்று முடிவு கட்டாதே. பாதி நாள் மறந்துபோகிறது. குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போதுதான் ஐயோ என்று ஞாபகம் வரும். சில நாள் பிடியும் எடுத்து, போட்டும் விடுவேன், மனசு முழுக்கக் கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்பதில் இருக்கும். சப்பாத்தி போடுகிற ராத்திரிகளில் இவர், ‘இன்னைக்கு அவருக்கு லீவா?’ என்று கேட்கிறார். ஒரு நாள் ரோஷத்தில் ஒரு பிடி கோதுமை மாவை எடுத்து அதே டப்பாவில் போட்டு, அத்தனை அரிசியையும் சலிக்க வேண்டியதாகிவிட்டது. கோபமும் போய்விடவில்லை. ஆனால் கோபத்தை அவரிடமே சொல்கிறேன், அது மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எல்லாம் சரியான பிறகு, மனசு சுத்தமான பிறகு, நல்ல ஒரு அதிகாலையில்தான் கிட்டே போக முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது எண்ணெய்க் கையோடு, உர்ரென்ற முகத்தோடு போகிறேன். அவர் என்ன நினைக்கிறாரோ, துரத்தவில்லை.

பையனிடம் கூட ‘சர்ச்சுக்குப் போனியா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு பிடியில் அவன் பேரைச் சொல்லிவிட்டு, போனில் ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் அவனே, ‘என்னம்மா, திட்டவே மாட்டேங்கிற, உடம்பு சரியில்லையா’ என்றான்.

இப்போது சொல், வெள்ளிக்கிழமை நான் என்ன பேச? அக்டோபரில் ஆவியானவர் என்னை நிரப்பவில்லை, நான் வடை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாமா? அந்த இரண்டு பேரும் முன்னால்தான் உட்காருவார்கள். ஐயரம்மா முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும், திரும்பவும் ‘காத்து’ என்ற இடத்தில் போய் நிற்பேன் என்றும் தோன்றுகிறது. டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாய்ஸ் மெசேஜில் ஜெபம் பண்ணி அனுப்பாதே, எனக்கு அது ஆகாது. வெள்ளிக்கிழமை காலையில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து என் பேரைச் சொல்லித் தனியாக வை, போதும். நீ எங்கே உலை வைக்கப் போகிறாய், குக்கர்காரி. சரி, மூடி போடுவதற்கு முன்னாலேயே எடு. அண்ணனுக்காக அன்றைக்குச் சிறுதானியம் என்று ஏமாற்றாதே.

உன்,
ஜாஸ்மின்

மறந்துவிட்டேன், நெட்டை கிரேஸ் பாட்டியாகிவிட்டாளாம். பேத்தியும் நெட்டையாம்.