மலைக்கு முதலில் வேண்டியது எக்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்கலான இதய நோய்களை நவீனப் படப் பரிசோதனைகளால் கண்டறிவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ, இதயத் தசையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஆகியவற்றால் என்னென்ன தெரியவரும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் மீயொலி அலைகளால் இதயத்தின் அசைவைப் படமாகக் காட்டும் எக்கோவை மட்டும், காலாவதியான கருவி என்பதுபோல் ஒரே பத்தியில் கடந்துவிட்டார். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எங்கள் மலையின் நிலவரம் வேறு என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, "மேடு ஏறினா மூச்சு வாங்குது சிஸ்டர்" என்று சொன்னால், "ஏத்தத்துல யாருக்குத்தான் வாங்காது" என்று பக்கத்தில் இருப்பவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரையோடு அனுப்பப்படுபவர்களும் உண்டு. இவர்களில் சிலருக்குச் சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலும், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வைச் சத்தமில்லாமல் சுருக்கிக்கொண்டே வந்திருக்கும். தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் நெருக்கமான லைன் வீடுகளில் இந்தத் தொண்டைத் தொற்று ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு எளிதில் பரவும். வால்வு சுருங்கியது பல ஆண்டுகள் வெளியே தெரியாது. அந்தப் பெண் கருவுற்று, உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும்போதுதான், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த வால்வு எழுப்பும் ஓசை மிகவும் தணிந்த ஓசை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அதைப் பிடிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

எக்கோவில் அது மறைய முடியாது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வால்வு ஒன்றரைக்குக் கீழே போய்விட்டால் நோய் கடுமையானது என்று பொருள். எக்கோவின் வேலை அதோடு முடிவதுமில்லை. இதழ்கள் எவ்வளவு அசைகின்றன, எவ்வளவு தடித்துள்ளன, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, அடியிலுள்ள நார்கள் எப்படி இருக்கின்றன என்ற நான்குக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 8-க்குள் இருந்து, வால்வில் பெரிய கசிவும் இடது மேலறையில் ரத்தக்கட்டியும் இல்லையென்றால், நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகப் பலூன் செலுத்தி வால்வை விரித்துவிடும் வாய்ப்பு அதிகம். ஒரு பெண்ணுக்குப் பலூனா, அறுவை சிகிச்சையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் கருவியைப் பழையது என்று எப்படி ஒதுக்குவது? 1953-இல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் பார்க்கும் மீயொலிக் கருவியை இரவல் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது தொடங்கிய முறை இது என்பது உண்மைதான். இன்றைய கருவி மடிக்கணினி அளவுக்கு வந்துவிட்டது. ஜீப்பில் ஏற்றிப் பந்தலூரை அடுத்த சேரம்பாடிக்கும் கொண்டுபோகலாம்.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் உறுதியான காரணம் இருக்கிறது. அறிகுறியே இல்லாமல், எக்கோவில் மட்டும் ருமாட்டிக் பாதிப்பின் தொடக்கம் தெரிந்த பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு உகாண்டாவில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கே நோய் முற்றியது; போடாதவர்களில் அது 8.2 சதவீதம். ஊசி மலிவானது, யாருக்குப் போட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் எக்கோ வேண்டும்.

நீலகிரிக்கே உரிய இன்னொரு காரணத்தையும் கட்டுரை தொடவில்லை. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைத்துவிடும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய். இந்தியாவில் அதற்கான மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் அதை வெளியிட்டார்கள். இந்த நோயை மூட்டு வலியோடும் ரத்தசோகையோடும் மட்டுமே தொடர்புபடுத்திப் பேசுகிறோம். ஆனால் வயது ஏற ஏற நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போவது உயிருக்கே ஆபத்தாகும். எக்கோவில் பார்க்கும்போது, இதயத்தின் வலப்பக்க மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அந்த ஒரு எண்ணைக் கொண்டு நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. அது மேல் பரிசோதனைக்கான அறிகுறி மட்டுமே. 2023-இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் ஒரு பங்கையாவது, நோய் உறுதியானவர்களின் எக்கோவுக்கும் கொடுக்க வேண்டும்.

சி.டி. ஆஞ்சியோவையோ எம்.ஆர்.ஐ.யையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. நெஞ்சுவலி ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததல்ல என்று உறுதிசெய்வதில் சி.டி. ஆஞ்சியோ மிகவும் நம்பகமானது. சுண்ணாம்பு அதிகம் படிந்த குழாயில் அது அடைப்பைக் கூட்டிக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இதயத் தசையிலுள்ள தழும்பு மாரடைப்பால் வந்ததா, அழற்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எம்.ஆர்.ஐ.க்கு நிகரில்லை. இவை உதகையிலோ கோவையிலோ இருந்தால் போதும். திட்டமிட்டுப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரவில் திடீரென்று நெஞ்சடைப்பு வருபவர், படம் எடுக்க வேண்டும் என்று மலை இறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அவருக்கு முதலில் வேண்டியது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஈசிஜியும், மாரடைப்புக்கு உடனடியாகக் கொடுப்பதற்காகத் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் வைத்திருக்கும் 14 மாத்திரைகளும்தான்.

எடுத்த படம் நோயாளியோடு பயணிப்பதில்லை என்பது என் அடுத்த குறை. எக்கோவுக்குப் பின் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றைத்தாள் அறிக்கையும், வெப்ப அச்சுத் தாளில் எடுத்த இரண்டு மூன்று படங்களும். எனக்குத் தெரிந்த ஒருவர், ஈரத்தில் கெட்டுவிடக் கூடாதென்று தம் தந்தையின் பழைய ஈசிஜியைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தார். அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்து, ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. எச்சரிக்க வேண்டியவர்கள் அதைக் கொடுத்தவர்கள்தான். கீழே உள்ள மருத்துவமனைக்குப் போனால், அசையும் படம் இல்லாத அறிக்கையை நம்ப முடியாதென்று மறுபடியும் எக்கோ, மறுபடியும் கட்டணம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வால்வின் அசைவைத் தாளில் பார்க்க இயலாது.

உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. அங்கிருந்து கூடலூருக்கும் பந்தலூருக்கும் வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் எக்கோ எடுக்கப் பயிற்சி பெற்றவரை அனுப்பி, படங்களை இணையம் வழியாக இதய மருத்துவர் பார்த்து அறிக்கை தரும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அரிவாள் செல் நோயாளிகளுக்கும் அதில் முன்னுரிமை தேவை. அசையும் படங்களைக் குறுந்தகட்டிலோ நோயாளியின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கிலோ சேர்த்துக் கொடுப்பதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். தங்கள் இதழ் இதைத் தொடர்ந்து எழுதுமானால் உரியவர்களின் பார்வைக்குப் போகும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.