‘இந்து உணவு’ என்றால் சைவம் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வன்னிப் பெற்றோர் பலர், பத்துப் பதினான்கு மணித்தியாலப் பறப்பைப் பாணும் தண்ணீருமாகச் சமாளித்துக்கொண்டு போய் இறங்குகிறார்கள். சாதாரண வகுப்புச் சீட்டுக்கே, சாப்பாடு சேர்ந்த கட்டணமாக இருந்தால், சைவமோ உப்புக் குறைந்ததோ சீனிவருத்தக்காரருக்கு ஏற்றதோ மேலதிகக் காசு கட்டாமல் கேட்டு எடுக்கலாம். எங்கே, எப்போது, என்ன பெயரில் கேட்பது என்பதில்தான் பிசகுகிறது. விமானச்சீட்டுப் பதியும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் அதைத் தங்கள் பத்திரிகையூடாகச் சொல்ல விரும்புகிறோம்.

விமானத்தில் சமையல் கிடையாது. சோறும் கறியும் தரையில் உள்ள சமையற்கூடத்தில் பல மணித்தியாலத்துக்கு முன்பே ஆக்கி, 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரவைத்து, அலுமினியத் தட்டில் அடைத்து ஏற்றப்படுகின்றன. மேலே சூடாக்குவது மட்டும்தான். அதனால் விசேட சாப்பாட்டைப் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன் பதிந்துவிட வேண்டும். யூதர்களின் கோஷர் போன்ற சிலவற்றுக்கு 48 மணித்தியாலமும் கேட்பார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் இடத்தில் “நான் சைவம்” என்று சொன்னால் அந்த அலுவலரால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. கிளிநொச்சியில் வான் ஏறுவதற்கு முதல் நாளே முடிக்க வேண்டிய வேலை அது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதிகம் அகப்படும் பொறி எச்.என்.எம்.எல். கணினித் திரையில் ‘இந்து உணவு’ என்று வரும். வெளிநாட்டிலிருந்து சீட்டுப் போடும் மகனோ மகளோ, அம்மா இந்து, அம்மா சைவம் என்ற நினைப்பில் அதை அழுத்திவிடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவச் சாப்பாடு. கோழி, ஆடு, மீன், முட்டை எதுவும் வரலாம். சைவத்துக்கு உரிய குறியீடு ஏ.வி.எம்.எல். இதில் இறைச்சி, மீன், முட்டை இல்லை. பால், தயிர் இருக்கும். நம்மவர் வாய்க்குப் பிடிபடும் மசாலாவும் இருக்கும். ஒரு நிறுவனம் இதை ‘ஆசிய சைவம்’ என்கும், இன்னொன்று ‘இந்திய சைவம்’ என்கும், வேறொன்று ‘சைவ இந்து உணவு’ என்கும். பெயரை நம்பாமல் எழுத்துகளைப் பாருங்கள்.

வி.எல்.எம்.எல் என்பதும் மரக்கறிச் சாப்பாடுதான், ஆனால் மேல்நாட்டு முறை. முட்டையும் பாற்கட்டியும் சேரும். வி.ஜி.எம்.எல்லில் பால்கூடக் கிடையாது; பெரும்பாலும் காரமில்லாமல் அவித்த மரக்கறியாக வரும். விரதத்துக்கு வெங்காயம், உள்ளி தவிர்ப்பவர்களுக்கு வி.ஜே.எம்.எல் என்ற சமண உணவு பொருந்தும். அதில் உருளைக்கிழங்கு முதலான கிழங்குகளும் இராது. கந்தசஷ்டி நாட்களில் பயணம் விழுந்து, பழம் மட்டும் எடுப்பவர்கள் எஃப்.பி.எம்.எல் (FPML) கேட்கலாம். முஸ்லிம் சகோதரர்களுக்கு எம்.ஓ.எம்.எல், வளைகுடா நாட்டு விமானங்களில் பொதுச் சாப்பாடே ஹலால் என்பதால் அவற்றில் தனியே பதியத் தேவையில்லை.

சீனிவருத்தக்காரர் விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு குறியீடுதான் போடலாம். டி.பி.எம்.எல் (DBML) என்ற சீனிவருத்தச் சாப்பாட்டில் வழக்கமாகக் கோழியோ மீனோ இருக்கும். பிரஷர்காரருக்கான உப்புக் குறைந்த எல்.எஸ்.எம்.எல்லும் அப்படித்தான். சைவக்காரருக்குச் சீனிவருத்தமும் இருந்தால் ஏ.வி.எம்.எல்லைப் போட்டு, தட்டில் வரும் இனிப்பையும் பழச்சாற்றையும் தொடாமல், சோற்றில் பாதியை மிச்சம் விடுவதே நடைமுறைக்குச் சரி என்பது எங்கள் அபிப்பிராயம். நீண்ட பறப்பில் முதற் சாப்பாடு கிளம்பி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வரும், அடுத்தது இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கையில். நடுவில் எட்டு, ஒன்பது மணித்தியாலம் ஒழுங்கான சாப்பாடு இல்லை. பின்பக்கத்துச் சிறு சமையலறையில் கேட்டால் பழமோ சான்ட்விச்சோ கொடுப்பார்கள். எங்கள் அம்மாமார் எழும்பிப் போய்க் கேட்கமாட்டார்கள். கைப்பையில் பிஸ்கட்டும் குளுக்கோசும் கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்து இன்சுலினைத் தட்டு முன்னால் வந்த பிறகே போடவேண்டும். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை இடையில் நிறுத்திவிடுவார்கள், ஊசி போட்டவர் வெறும் வயிற்றோடு இருக்க நேரிடும். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம், கீழே சரக்கறையில் அது உறைந்து பழுதாகலாம். ரொறன்ரோ போகிறவருக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் நாள் நீளும். ஊசி அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் முதலே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குறியீட்டைச் சரியாகப் போட்டும் சாப்பாடு வராமல் போவதுண்டு. சீட்டில் ஒரு நிறுவனத்தின் இலக்கம் இருக்க, பறப்பை வேறு நிறுவனம் இயக்கினால் கோரிக்கை மற்றப் பக்கம் போய்ச் சேராமல் விடலாம். ‘இயக்குவது’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் உறுதிப்படுத்த வேண்டும். பதிவில் குறியீட்டுக்குப் பின்னால் எச்.கே என்று நின்றால் உறுதி, எச்.என் என்றால் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, யு.சி என்றால் முடியாது. கொழும்பு–தோஹா ஒரு பறப்பு, தோஹாவிலிருந்து அடுத்தது இன்னொரு பறப்பு. இரண்டுக்கும் தனித்தனியே எச்.கே நிற்க வேண்டும். திகதி மாற்றினாலோ நிறுவனமே நேரத்தை மாற்றினாலோ குறியீடு கழன்றுவிடலாம்; மறுபடி பாருங்கள். பலாலியிலிருந்து சென்னை போய் வேறு சீட்டில் ஏறுகிறவர்கள் இரண்டு சீட்டிலும் பதிய வேண்டும்.

ஆசனம் மாறுவதும் ஒரு காரணம். விசேடத் தட்டின் மூடியில் ஆசன இலக்கமும் நான்கு எழுத்தும் அச்சடித்த சிறு துண்டு ஒட்டியிருக்கும். தள்ளுவண்டி வருமுன் பணியாளர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இலக்கத்தைத் தேடி வருவார். யன்னல் ஓரம் வேண்டுமென்று யாருக்கோ இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் ஐயாவின் சைவச் சாப்பாடு அந்த ஆளுக்குப் போய்விடும். இடம் மாறினால் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள்.

பல் இல்லாதவர்களுக்குத் தட்டில் வரும் பணிஸ் பெரும் கரைச்சல், குளிரில் கிடந்து விறைத்திருக்கும். அதைச் சூடான அலுமினிய மூடியின் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் இளகும். தண்ணீர்க் குவளையின் தாள் மூடி மேலே போனதும் உப்பி நிற்கும். சடாரென்று இழுத்தால் மடியெல்லாம் சீறும், ஒரு மூலையை மெல்ல நீக்கிக் காற்றை விடுங்கள். வயிற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி மலையில் இருப்பதுபோலக் குறைவதால் குடல் வாயு விரியும். பயணத்துக்கு முதல் நாள் கடலை, பயறு, கோவா வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். உலர்ந்ததாக இருக்கட்டும்: ரொட்டி, இடியப்பம், முறுக்கு, பயற்றம் பணியாரம். தயிர், சாம்பார், ஊறுகாய் எல்லாம், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதிக்குள் அடங்கி, பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பணியாளர் வீட்டுச் சாப்பாட்டைச் சூடாக்கித் தரமாட்டார்கள், சுடுதண்ணீர் தருவார்கள். மிச்சத்தை இறங்கமுன் முடித்துவிடுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். அவுஸ்திரேலியாவில் விமானத்தில் கொடுத்த அப்பிளைக்கூட அறிவிக்காமல் வெளியே கொண்டுவந்தால் அபராதம். கறிவேப்பிலையும் பால் சேர்ந்த பலகாரமும் ஐரோப்பாவுக்கு ஆகாது.

முகவர் நிலையங்களில் வேலை செய்யும் சக தொழிலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் வாங்குமுன் “என்ன சாப்பிடுவீங்கள், என்ன வருத்தம் இருக்கு” என்று அந்த அம்மாவிடம் நேரே கேளுங்கள்; மகனிடம் தொலைபேசியில் கேட்டால் அவருக்கு இப்போதைய விரதமும் தெரியாது, வருத்தமும் தெரியாது. குறியீட்டையும் எச்.கேயையும் சீட்டின் மேல் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் தமிழில் ‘சைவம், இரண்டு பறப்புக்கும்’ என்று எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு துண்டில் பெரிய எழுத்தில் ‘நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். பதிவு தவறினாலும், ஏறியவுடன் அதைப் பணியாளரிடம் நீட்டினால், வண்டி கிளம்புமுன் பொதுச் சாப்பாட்டிலுள்ள மரக்கறித் தட்டில் ஒன்றை ஒதுக்கி வைக்க அவர்களால் முடியும். பின்வரிசைக்கு வண்டி வந்து சேரும் நேரம் அது பலமுறை முடிந்துவிடுகிறது.

இங்ஙனம்,
விமானச்சீட்டுப் பதிவுப் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.