‘அரைப் பட்டம்’ என்று எழுதிய வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்வேயின் கார்ல்சன் ஐந்து உலகப் பட்டப் போட்டிகளில் ஜெயித்துவிட்டு, 2022இல் இனிப் பட்டத்துக்காக ஆட மாட்டேன் என்று விலகிய செஸ் ஆட்டக்காரர்; அவர் விட்ட பட்டத்தை 2024இல் வாங்கியவர் நம் குகேஷ். சென்ற வாரம் வாசகர் பகுதியில் ஓர் அன்பர், கார்ல்சனை எதிரே உட்கார வைத்து ஜெயிக்காதவரை குகேஷிடம் இருப்பது அரைப் பட்டம்தான் என்று எழுதியிருந்தார். அதே கடிதத்தின் கடைசியில், தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் கார்ல்சன் நழுவிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. அவர் பயந்தவர் என்றால், அவரை ஜெயிக்காதது குகேஷுக்கு எப்படிக் குறையாகும்?

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. வேலை பார்த்த அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடந்த செஸ் போட்டியில் நான்கு முறை தொடர்ந்து கோப்பை வாங்கிவிட்டு, ஐந்தாம் முறை பெயர் கொடுக்காமல் இருந்தவன். அவ்வளவுதான் என் தகுதி. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தப் பயம். உலகப் பட்டப் போட்டிகளின் முடிவுகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். கார்ல்சன் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். 2013இல் சென்னையில் ஆனந்துடன் 10 ஆட்டம், 2014இல் சோச்சியில் மறுபடியும் ஆனந்துடன் 11, 2016இல் நியூயார்க்கில் கர்யாகினுடன் 12, 2018இல் லண்டனில் கருவானாவுடன் 12, 2021இல் துபாயில் நெப்போம்னியாச்சியுடன் 11. மொத்தம் 56 கிளாசிக்கல் ஆட்டங்கள், அதாவது மணிக்கணக்கில் நீளும் முழுநேர ஆட்டங்கள். வெற்றி 11, தோல்வி 2, மீதி 43ம் டிரா. நியூயார்க்கையும் லண்டனையும் மட்டும் எடுத்தால் 24 ஆட்டத்தில் 22 டிரா! இதில் எனக்குப் பயம் தெரியவில்லை. சலிப்புத்தான் தெரிகிறது.

பயந்திருந்தால் 2016இல் பயந்திருக்க வேண்டும். எட்டாவது ஆட்டத்தில் தோற்று, செய்தியாளர் சந்திப்பில் உட்காரப் பொறுக்காமல் எழுந்து போனார். பத்தாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். நவம்பர் 30, அவருடைய 26ஆவது பிறந்தநாளன்று, ரேபிட் எனும் குறைந்த நேர ஆட்டங்களில் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். கடைசி ஆட்டத்தை ராணியைப் பலி கொடுத்து முடித்தார். எச்6 கட்டத்தில் அந்த ராணி வந்து உட்கார்ந்த நிலையை இன்றைக்கும் அவ்வப்போது பலகையில் அடுக்கிப் பார்ப்பேன். அன்று நின்று ஆடியவர், 7.5–3.5 என்று தானே ஊதித் தள்ளி, 2022இல் மறுபடியும் எதிராளியாகத் தகுதி பெற்ற நெப்போம்னியாச்சிக்கா பயப்படப் போகிறார்?

பின் ஏன் விட்டார்? பார்க்கிற நமக்கு உலகப் பட்டப் போட்டி என்பது மூன்று வாரக் கூத்து. ஆடுகிறவருக்கு அது பல மாத அடைப்பு. உதவியாளர்களோடு உட்கார்ந்து, கணினியை ஓட்டி, எதிராளி இந்த ஓப்பனிங்கில், அதாவது தொடக்க நகர்த்தல் வரிசையில், இந்தச் சிப்பாயைத் தள்ளினால் என்ன, குதிரையை எடுத்தால் என்ன என்று கிளை கிளையாகப் பிரித்து நெட்டுருப் போட வேண்டும். அத்தனையும் பரம ரகசியம். 2018 போட்டிக்கு முன்னால் கருவானாவின் பயிற்சியைக் காட்டும் ஒரு விளம்பர வீடியோ வந்தது. அதில் மடிக்கணினித் திரையில் அவர் தயார் செய்திருந்த ஓப்பனிங்குகள் பளிச்சென்று தெரிந்துவிட்டன. அலறி அடித்து நீக்கினார்கள். துபாய்ப் போட்டியில் எதிரே ஆடிய நெப்போம்னியாச்சி ரஷ்யர்; ரஷ்யாவின் துபோவ் கார்ல்சன் குழுவில் இருந்ததற்காகச் சொந்த நாட்டிலேயே ஏச்சு வாங்கினார். இவ்வளவு பாடுபட்டும், முதல் இருபது நகர்த்தல் இரண்டு பேருக்கும் மனப்பாடம், பிறகு கொஞ்சம் யோசனை, பிறகு கைகுலுக்கல் என்று முடிகிற ஆட்டங்களே அதிகம்.

கார்ல்சனோ இதற்கு நேர்மாறான ருசி உள்ளவர். ஒன்றுமில்லாதது போலத் தெரிகிற நிலையில் உட்கார்ந்து, எதிராளி களைத்துத் தவறு செய்யும்வரை விடாமல் அரைப்பதுதான் அவர் ஆட்டம். துபாயின் ஆறாவது ஆட்டம் அப்படிப்பட்டது: 136 நகர்த்தல், ஏழே முக்கால் மணி நேரம். உலகப் பட்டப் போட்டி வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அது. 2016க்குப் பிறகு அந்த மேடையில் வெற்றி தோல்வி கண்ட முதல் கிளாசிக்கல் ஆட்டமும் அதுதான். மறுநாள் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு நெப்போம்னியாச்சி தானாகவே சரிந்தார். ஓர் ஆட்டக்காரனுக்கு அதில் என்ன சுவை இருந்திருக்கும்?

இன்னொன்றையும் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பட்ட முறையோடு அவருக்கு இருந்த பிணக்கு 2022இல் முளைத்ததல்ல. 2010 நவம்பரில், இருபது வயதுகூட நிரம்பாதபோதே, சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றிலிருந்து விலகிக்கொள்வதாக, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவுக்கு எழுதியவர் அவர். மற்றவர்கள் முட்டி மோதி மேலே வர, சாம்பியன் மட்டும் இறுதியில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நியாயமில்லை என்பது அன்றைய வாதங்களில் ஒன்று. பட்டம் தன் கையில் இருந்தபோதும், ஆண்டுதோறும் நாக்–அவுட்டாக நடத்தலாமே என்றார். தனக்குச் சாதகமான விதியைத் தானே மாற்றச் சொன்ன சாம்பியனை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆடாமலே பட்டத்தை இழந்த அமெரிக்க சாம்பியன் ஃபிஷரை இங்கே இழுக்காதீர்கள். 1975இல் அவர் பத்து வெற்றி, டிராவுக்குக் கணக்கில்லை, 9–9 வந்தால் பட்டம் என்னிடமே என்று நிபந்தனை போட்டார். கடைசி நிபந்தனையை ஃபிடே ஏற்காததால் பட்டம் ஆடாமலே, எதிராளியான கார்ப்போவுக்குப் போனது. பிறகு 1992 வரை ஃபிஷர் ஒரு போட்டியிலும் காய் நகர்த்தவில்லை. கார்ல்சன் விட்டது பட்டத்தை, ஆட்டத்தை அல்ல. அறிவித்த சில நாளில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் நார்வேக்காக வந்து ஆடினார். 2023இல் பாகுவில் நம் பிரக்ஞானந்தாவைத் தாண்டி உலகக் கோப்பையை வாங்கினார். 2011 ஜூலையிலிருந்து தரவரிசையில் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. 2024 டிசம்பரில் ஜீன்ஸ் போட்டு வந்ததற்காகச் சண்டை போட்டுக்கொண்டு ரேபிட் போட்டியிலிருந்து வெளியேறியது வேறு விஷயம். அதை ரசித்தேன் என்று என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லையா? உண்டு. 2021 டிசம்பரிலேயே, ஃபிரூஜா மாதிரி இளையவர் வந்தால் ஆடலாம், இல்லையென்றால் ஆட மாட்டேன் போல என்று சூசகமாகச் சொன்னார். முடிவை உறுதியாகச் சொன்னது 2022 ஜூலை 20. இடையில் மாட்ரிட்டில் எட்டு பேர் கேண்டிடேட்ஸ் ஆடினார்கள். அதில் இரண்டாம் இடத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது. சாம்பியன் ஆடாவிட்டால்தான் முதல் இருவரும் பட்டத்துக்கு மோதுவார்கள். சீனாவின் டிங் லிரன் கடைசிச் சுற்றில் நகாமுராவை ஜெயித்து இரண்டாவதாக வந்தார். அந்த இரண்டாம் இடம்தான் பின்னால் அவரை உலக சாம்பியன் ஆக்கியது. காரணம் நியாயம், சொன்ன விதம் சரியில்லை.

இப்போது என் கதை. எங்கள் அலுவலகத்திலும் முந்தைய ஆண்டு சாம்பியன் நேரே இறுதிக்குப் போய்விடலாம். முதல் கோப்பைக்கு முன்பு மதிய இடைவேளைகளில் யாரோடும் ஆடுவேன். வாய் ஓயாமல் சிரிப்பும் சீண்டலுமாக இருக்கும். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அது நின்றுவிட்டது. நான் எந்த ஓப்பனிங் ஆடுகிறேன் என்று கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் குறித்து வைக்கிறார் என்று காதில் விழுந்தது. அவர் பார்க்கக் கூடாதென்று நான் வேறு ஆட்களோடும் ஆடுவதை நிறுத்தினேன். இரவெல்லாம் காரோ–கான் என்ற ஓப்பனிங்கின் வரிசைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நான்காவது இறுதியில் அவரைத்தான் ஜெயித்தேன். கடியாரத்தை நிறுத்தியபோது சந்தோஷம் வரவில்லை. ‘அப்பாடா, ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை’ என்றுதான் தோன்றியது. ஜெயித்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்; தோற்றால் மாடிக்கு மாடி பேச்சு. அந்த அப்பாடாவுக்காக இன்னொரு வருஷம் உழைக்க மனம் வரவில்லை.

ஐந்தாம் ஆண்டு அந்தக் கணக்குப் பிரிவு நண்பரே கோப்பை வாங்கினார். பரிசளிப்பில் மேலதிகாரி மைக்கைப் பிடித்து, ‘சார் மட்டும் ஆடியிருந்தால் கதையே வேறு’ என்று என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்பர் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எழுந்து, ‘தகுதிச் சுற்று முழுக்க ஆடி வந்தவர் அவர், நான் வீட்டில் இருந்தவன்’ என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம்.

டிங் லிரன் 2023இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியோடு 14 ஆட்டம் சமனாக முடித்து, ரேபிட்டில் ஜெயித்துத்தான் சாம்பியன் ஆனார். அவரிடமிருந்து குகேஷ் 2024 டிசம்பர் 12இல், சிங்கப்பூரில், 7.5–6.5 என்று பட்டத்தைப் பெற்றார். கடைசி ஆட்டத்தில் கருப்புக் காய். டிராவுக்குப் போகும் என்று எல்லோரும் எழுந்திருக்கத் தயாரான நிலையில் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். டிங் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஒன்றுமில்லாத நிலையில் அரைத்துக்கொண்டிருப்பது யாருடைய ஆட்டம் என்று மேலே சொன்னேன். இதில் அரை எங்கே இருக்கிறது? 2025 ஜூனில் நார்வேயின் ஸ்டாவாங்கரில் குகேஷ் கார்ல்சனைக் கிளாசிக்கல் ஆட்டத்தில் ஜெயித்ததையும், கார்ல்சன் மேசையைக் குத்தியதையும் ஆதாரமாகக் காட்ட மாட்டேன்; அதே போட்டியின் முதல் சுற்றில் கார்ல்சன்தான் ஜெயித்தார். ஒற்றை ஆட்டங்களை வைத்துப் பட்டத்தை அளப்பது அந்த அன்பர் செய்யும் வேலை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த நண்பரோடு பலமுறை ஆடிவிட்டேன். பாதிக்கு மேல் அவர்தான் ஜெயிக்கிறார். அந்தக் கோப்பையை அவர் வீட்டில் இதுவரை நான் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவரும் உங்கள் நாளிதழின் வாசகர். ஆகையால் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். படித்தால் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்